தெல்மா ரிட்டரின் கைகள்

தெல்மா ரிட்டர் எந்தப் படத்திலும் சும்மா நிற்பதில்லை. கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். யாருக்காவது முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருப்பார், காலைச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் வருவார், தெருவில் டை விற்பார். நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளிலும் வந்த ஹாலிவுட் படங்களின் மிகக் கூர்மையான வசனங்களில் சில அவர் வாயிலிருந்து வந்தவைதான். அந்த வசனங்களுக்காக அவர் வேலையை நிறுத்தவே மாட்டார். பேச்சு பாட்டுக்குப் போகும், கை பாட்டுக்குப் போகும். கூட நிற்கும் நட்சத்திரங்கள் காதலித்துக்கொண்டோ கலங்கிக்கொண்டோ இருப்பார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு ஆக வேண்டிய காரியங்களைப் பார்க்கிற ஒரே ஆள் ரிட்டர்.

எனக்குப் பழைய ஹாலிவுட் படங்கள் மீது தீராத ஆசை உண்டு. அந்த ஆசையை வளர்த்ததில் நாயகர்களுக்கும் நாயகிகளுக்கும் பங்கு குறைவு. ஓரத்தில் வந்து போகும் முகங்கள்தான் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தன. அந்த முகங்களில் முதலிடம் ரிட்டருக்கு. அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஒரே தகவலைத்தான் சொல்வார்கள்: ஆஸ்கரின் சிறந்த துணை நடிகைப் பிரிவில் ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டார், ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. உண்மைதான். அந்தப் பிரிவில் அவ்வளவு பரிந்துரைகள் பெற்ற வேறு நடிகை இல்லை. ஆனாலும் அவர் வாழ்க்கையை அந்த ஒரு வரிக்குள் அடக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அவர் நடிப்பில் இருக்கிறது.

1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் ரிட்டர். அந்த ஊர்ப் பேச்சு கடைசிவரை அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. லேசாகக் கரகரக்கும் குரல், வார்த்தைகளை மென்று துப்புகிற மாதிரி ஒரு உச்சரிப்பு. அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாடிக் ஆர்ட்ஸில் முறையாக நடிப்புப் படித்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவரைத் திரையில் பார்ப்பவர்கள், தெருவில் போன ஒரு பெண்ணைப் பிடித்து வந்து நடிக்க வைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவார்கள். அப்படி நினைக்க வைத்ததுதான் அவருடைய பயிற்சி. படித்து முடித்து, நாடகக் குழுக்களோடு அலைந்து, மேடையில் பெரிய பெயர் எதுவும் எடுக்காமலே சில ஆண்டுகள் போயின. 1927-இல் ஜோசப் மொரன் என்ற நடிகரைத் திருமணம் செய்துகொண்டார். மொரன் பிறகு நடிப்பை விட்டு விளம்பரத் துறைக்குப் போய் அங்கே நல்ல நிலைக்கு வந்தார். ஒரு மகன், ஒரு மகள். பிள்ளைகளுக்காக ரிட்டர் மேடையை விட்டு விலகினார். நாற்பதுகளில்தான் வானொலி நாடகங்கள் வழியாகத் தொழிலுக்குத் திரும்பினார். வானொலிக்குக் குரல் போதும். வயதை யாரும் கேட்க மாட்டார்கள்.

சினிமா வந்தபோது அவருக்கு 45 வயது. ஹாலிவுட்டில் நடிகைகளுக்குக் கதவை மூடுகிற வயது அது. 1947-இல் வந்த 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தை ஜார்ஜ் சீட்டன் நியூயார்க்கில், மேசிஸ் கடைக்குள்ளேயே சில காட்சிகள் எடுத்தார். ரிட்டருக்குக் கிடைத்தது பெயரே இல்லாத ஒரு தாயின் வேடம். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் கடை கடையாக அலைந்து கால் வலியெடுத்துப்போன அம்மா. பையன் அந்தக் கடையின் கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் தீயணைப்பு வண்டி பொம்மை கேட்கிறான். எங்குமே அது கிடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தாத்தாவோ கண்டிப்பாகக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். பையனை அப்பால் அனுப்பிவிட்டு அந்த அம்மா தாத்தாவைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். குழந்தை காதில் விழாதபடி, அதே நேரம் முழுக் கோபத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவார். தாத்தா அசராமல், போட்டிக் கடை ஒன்றில் அந்தப் பொம்மை எட்டரை டாலருக்குக் கிடைக்கிறது என்று விலாசமே சொல்லிவிடுகிறார். ஒரு கடையே இன்னொரு கடைக்கு ஆளை அனுப்புவதா? அந்த அம்மாவின் முகத்தில் சந்தேகம், ஆச்சரியம், அப்புறம் இனி ஓட வேண்டியதில்லை என்கிற நிம்மதி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

படத்தில் அவர் பெயரே போடவில்லை. ஆனால் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் தலைவர் டாரில் ஸானக் எடுத்தவரை போட்டுப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் காட்சி கொடுங்கள் என்று சொன்னதாகச் சொல்வார்கள். படத்தில் அவர் மறுபடியும் வந்து, மேசிஸ் அதிகாரியிடம் தான் இனி இந்தக் கடையின் நிரந்தர வாடிக்கை என்று அறிவித்துவிட்டுப் போகிறார். கதையே அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

பிறகு வந்த 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' (1949) படத்திலும் டைட்டிலில் பெயர் இல்லை. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய வீடு. ரயில் போகும்போதெல்லாம் வீடே குலுங்கும், அங்கே புழங்குகிறவர்கள் அது பாட்டுக்கு ஆடட்டும் என்று இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகவும், இன்னொரு வீட்டில் விருந்து பரிமாற வரும் வேலைக்காரியாகவும் வருவார். அந்தப் படத்தை எழுதி இயக்கிய ஜோசப் மான்கிவிக்ஸ் அவரை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் எடுத்த 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் பேர்டி கூனன் என்ற பாத்திரத்தை ரிட்டரை மனதில் வைத்தே எழுதினார்.

நாடக உலகத்தின் ராணி மார்கோ சானிங். பெட்டி டேவிஸ் நடித்த பாத்திரம். பேர்டி அவளுடைய உதவியாளர்; ஒரு காலத்தில் வாடவில் என்ற பல்சுவை மேடைகளில் ஆடியவள். ஈவ் என்ற இளம் ரசிகை மார்கோவின் ஒப்பனை அறைக்கு வந்து தன் சோகக் கதையைச் சொல்கிறாள். ஏழ்மை, போரில் செத்துப்போன கணவன், ஊர் ஊராக அலைந்தது. எல்லோர் கண்ணும் கலங்குகிறது. பேர்டியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கதை முடிந்ததும் அவள் அடிக்கிற ஒரு கேலி, அறையின் கனத்தைச் சட்டென்று உடைக்கும்: துரத்திக்கொண்டு ஓடும் வேட்டை நாய்கள் மட்டும்தான் பாக்கி என்பதுபோல. மார்கோ அவளைக் கண்டிக்கிறாள். பேர்டி உடனே ஈவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறாள். அந்த மன்னிப்பைக் கவனியுங்கள். ரிட்டர் அதை உண்மையான வருத்தத்தோடு சொல்வார். பேர்டிக்கு ஈவ் மேல் அப்போது பகை கிடையாது. ஆனால் மேடையில் வளர்ந்தவளுக்கு ஒரு கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காது சொல்லிவிடும். மூளை அதை ஒப்புக்கொள்ள இன்னும் நேரம் எடுக்கிறது.

இதே படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. ஈவ் நல்ல பிள்ளையாக மேடை உடையைத் தானே எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறாள். பேர்டி தடுக்கிறாள். உடைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள், துணியைத் தூக்குவதும் அதைத் தப்பும் தவறுமாகத் தேய்ப்பதும்தான் அவளுக்கு இருக்கிற வேலை, அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறாள். சிரிப்புக்காக எழுதிய வசனம்தான். ரிட்டர் சொல்லும்போது அதற்குள் ஒரு சட்டமே வந்துவிடுகிறது. இன்னொருத்தி வேலையை ஆர்வக்கோளாறில் பிடுங்குகிறவள் நாளைக்கு எதைப் பிடுங்குவாள் என்பது பேர்டிக்குத் தெரியும். முழுப் படத்தின் கதையும் அந்த ஒரு உடை விஷயத்தில் அடங்கியிருக்கிறது. அதைப் பார்த்தவள், உடைகளோடு நாள் முழுக்கக் கிடக்கிற ஒரு வேலைக்காரி.

அப்புறம் அந்தப் படுக்கையறைக் காட்சி. மார்கோ கட்டிலில், பேர்டி காலை உணவுத் தட்டோடு வருகிறாள். உனக்கு ஈவைப் பிடிக்கவில்லை, இல்லையா என்று மார்கோ கேட்கிறாள். உனக்குப் பதில் வேண்டுமா, வாக்குவாதம் வேண்டுமா என்று பேர்டி திருப்பிக் கேட்கிறாள். கொஞ்சம் கொஞ்சமாக உண்மை வெளியே வருகிறது: ஈவ் உன்னை ஒரு புத்தகம் மாதிரி, ஒரு கட்டட வரைபடம் மாதிரிப் படித்துக்கொண்டிருக்கிறாள், நீ நடப்பது, பேசுவது, தின்பது, தூங்குவது எல்லாவற்றையும். ரிட்டர் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதே இல்லை. எச்சரிக்கிற தொனிகூட இல்லை. சொல்லலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தவள், கேட்டதால் சொல்கிறாள். எஜமானியிடம் எதுவரை பேசலாம் என்கிற எல்லையை உடம்பால் அறிந்த ஒருத்தியின் பேச்சு அது.

பிறகு பேர்டி காணாமல் போய்விடுகிறாள். மார்கோவின் வீட்டு விருந்துக்குப் பிறகு படத்தில் அவளே இல்லை. ஏன் என்று யாரும் விசாரிப்பதும் இல்லை. திரைக்கதைக் கணக்குப்படி இது சரி. உண்மையைக் கண்டுபிடித்தவள் இருந்தால் மற்றவர்கள் ஏமாற முடியாது. ஆனால் பார்க்கிற எனக்கு, படத்தின் இரண்டாவது பாதியில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. மான்கிவிக்ஸின் மிகச் சிறந்த படத்தில் இதை ஒரு குறை என்றே சொல்வேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரிட்டரின் வேலைக்காரப் பாத்திரங்கள் எஜமானர்களிடம் காட்டிய அந்தத் துடுக்கும் உரிமையும் அன்றைய ஹாலிவுட்டில் எல்லா நடிகைகளுக்கும் கிடைத்துவிடவில்லை. அவருக்கு முன்பே ஹாட்டி மெக்டேனியல் வேலைக்காரி வேடத்தில் அசாத்தியமாக நடித்து, 'கான் வித் த விண்ட்' படத்துக்காக 1940-இல் ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். அந்த விருது விழா விடுதியிலேயே அவரைச் சக நடிகர்களோடு உட்கார வைக்காமல் ஓரமாகத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். மெக்டேனியலின் பாத்திரங்களும் கண்டிக்கும், முறைக்கும். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற, தனக்கென்று ஒரு வாழ்க்கையும் கருத்தும் உள்ள பெண்ணாக அவற்றை எழுத ஸ்டுடியோக்கள் முன்வரவில்லை. ரிட்டரின் தோல் நிறம் அவருக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தது. இதைச் சொல்வதால் அவர் திறமை குறைந்துவிடாது. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தக் காலத்தின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

'ரியர் விண்டோ' (1954) படத்தை எத்தனை முறை பார்த்தாலும் என் கண் ஸ்டெல்லாவைத்தான் தேடுகிறது. கால் உடைந்து சக்கர நாற்காலியில் முடங்கிக் கிடக்கும் புகைப்படக்காரன் ஜெஃப், ஜேம்ஸ் ஸ்டூவர்ட். பொழுது போகாமல் ஜன்னல் வழியாக எதிர்வீடுகளை வேடிக்கை பார்க்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனி அவனுக்கு அனுப்பும் நர்ஸ் ஸ்டெல்லா. படம் எந்தக் கதையை வைத்து எடுக்கப்பட்டதோ, கார்னெல் வுல்ரிச் எழுதிய அந்தக் கதையில் இந்த நர்ஸ் கிடையாது. அங்கே ஜெஃபுக்கு உதவியாக இருப்பவன் ஒரு வேலைக்காரன். திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேய்ஸ் ஸ்டெல்லாவைப் புதிதாகக் கொண்டுவந்தார்.

வந்த உடனே ஜெஃபின் வாயில் தெர்மாமீட்டரைச் செருகிவிடுகிறாள். அவனால் பதில் பேச முடியாது. இவள் பேசுகிறாள். அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கிறவனுக்குப் பழைய காலத்தில் கண்ணில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகுவார்கள் என்கிறாள். ஜனங்கள் தங்கள் வீட்டுக்கு வெளியே போய் நின்று உள்ளே பார்த்தால் தேவலை என்கிறாள். பிறகு அவனைக் குப்புறப் படுக்க வைத்து முதுகு தேய்க்கிறாள். இந்தத் திரவத்தைச் சூடாக்கவே மாட்டாயா என்று அவன் முனகினால், குளிர்ச்சியாக இருந்தால்தான் உன் ரத்த ஓட்டத்துக்கு வேலை இருக்கும் என்று பதில் வரும். அதோடு, லிசா (கிரேஸ் கெல்லி) மாதிரி ஒருத்தி காத்திருக்கும்போது கல்யாணத்துக்குத் தயங்குகிற நீ எந்த ஊர் புத்திசாலி என்ற வாதம். இந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். அவர் கைகள் பேச்சின் தாளத்துக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் தெரியும். நர்ஸின் கை அவசரப்படாமல் தோளிலிருந்து இடுப்புவரை தன் வழியில் போய் வருகிறது. நாளைக்கு இதே மாதிரி இன்னும் சிலர் முதுகைத் தேய்க்க வேண்டியவளின் கை அது.

படத்தை இயக்கிய ஹிட்ச்காக்கின் குறும்பு என்னவென்றால், இப்படி ஒழுக்கம் பேசிய ஸ்டெல்லாவே கொஞ்ச நேரத்தில் ஜெஃபைவிட ஆர்வமாக வேடிக்கை பார்க்கத் தொடங்குகிறாள். ஜெஃப் காலைச் சாப்பாட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து, எதிர்வீட்டுக்காரன் மனைவியை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியாகத்தான் இருக்கும், ரத்தத்தைக் கழுவிவிட வசதி என்று யோசிக்கிறாள். அவன் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. அவளுக்கு அதில் அருவருப்பு ஏதும் இல்லை, ஏனென்றால் உடம்பும் ரத்தமும் அவள் தினசரி பார்க்கிற சமாச்சாரம். கீழ்வீட்டில் தனியாக வாழும் பெண் தூக்க மாத்திரைகளை எடுத்து வைக்கும்போது, அது என்ன மாத்திரை, எவ்வளவு ஆபத்து என்று தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறவளும் ஸ்டெல்லாதான். கடைசியில் மண்வெட்டியோடு பூப்பாத்தியைத் தோண்டப் போகிறாள். லிசாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும், தன் கைப்பையில் இருந்த காசையும் கொட்டிக்கொடுத்துவிட்டு ஜாமீன் எடுக்க ஓடுகிறாள். அந்தப் படத்தில் ஆபத்து வந்தபோது காசு, கால், புத்தி மூன்றையும் செலவழித்தவள் அவள்.

ஆஸ்கர் கதைக்கு வருகிறேன். 1950 முதல் 1953 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பரிந்துரை: 'ஆல் அபவுட் ஈவ்', 'த மேட்டிங் சீசன்', 'வித் எ சாங் இன் மை ஹார்ட்', 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. பிறகு 'பில்லோ டாக்' (1959), 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' (1962). ஒவ்வொரு முறையும் வேறொருவர் வாங்கிக்கொண்டு போனார். 1951-இல் கிம் ஹன்டர், 1959-இல் ஷெல்லி வின்டர்ஸ் என்று அந்தப் பட்டியலில் நல்ல நடிகைகளே இருக்கிறார்கள். குறை சொல்ல முடியாது. 1955 மார்ச்சில் நடந்த விழாவில் லாஸ் ஏஞ்சலஸ் மேடையை பாப் ஹோப் நடத்த, நியூயார்க் மேடையை நடத்தியவர் ரிட்டர். துணை நடிகர்களுக்கான விருது 1937-இல் தொடங்கியபோது முதல் சில ஆண்டுகள் முழுச் சிலைகூடக் கொடுக்கவில்லை, ஒரு பட்டயம்தான். துணைப் பாத்திரம் என்றால் இவ்வளவு போதும் என்ற எண்ணம் அந்தத் தொழிலில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த ஆறில் ஒன்றுக்காவது கொடுத்திருக்க வேண்டும் என்றால் நான் மோ வில்லியம்ஸைத்தான் சொல்வேன். சாமுவேல் ஃபுல்லர் இயக்கிய 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்', 1953. மோ தெருவில் டை விற்கிறாள். அது வெளியே காட்டுகிற தொழில். உண்மையான தொழில், பிக்பாக்கெட்காரர்களைப் பற்றிப் போலீசுக்குத் துப்பு விற்பது. ஒருவன் எப்படித் திருடினான், கையில் செய்தித்தாளை எப்படிப் பிடித்திருந்தான் என்று சொன்னால் போதும். அது யார் என்று சொல்லிவிடுவாள். விலையும் பேசுவாள். விலைவாசி ஏற ஏற அவள் ரேட்டும் ஏறும். சேர்த்த பணம் எதற்கு? செத்த பிறகு நல்ல கல்லறையில் இடம் வாங்க. அனாதைப் பிணங்களைப் போடும் இடுகாட்டில் தன்னைப் புதைத்துவிடக் கூடாது. அது நடந்தால் அதுவே தன்னைக் கொன்றுவிடும் என்கிறாள். முதல் முறை கேட்கும்போது சிரிப்பு வரும்.

மோ காட்டிக்கொடுத்த திருடன் ஸ்கிப். அவனுக்கு அவள் மேல் கோபமே இல்லை. அவளும் சாப்பிட வேண்டும் அல்லவா என்று விட்டுவிடுகிறான். அந்த உலகத்தின் நியாயம் இது. ஆனால் அந்த நியாயத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஸ்கிப் எங்கே இருக்கிறான் என்று கேட்டுக்கொண்டு, நாட்டின் ரகசியத்தை விற்கும் கூட்டத்தைச் சேர்ந்த ஜோயி பணத்தோடு அவள் அறைக்கு வருகிறான். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, படியேறி வந்து, கிராமபோனைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள் மோ. அவன் யார் என்று புரிந்துகொள்கிறாள். விற்க மாட்டேன் என்கிறாள்.

இதற்குப் பிறகு ரிட்டர் செய்வதுதான் அவர் திரை வாழ்க்கையின் உச்சம். மற்ற எல்லாப் படங்களிலும் ஓயாமல் வேலை செய்யும் அந்தக் கைகள் இங்கே போர்வை மேல் அசையாமல் கிடக்கின்றன. தலைவலி, முதுகு வலி, தினமும் எழுந்து அந்த டைகளைத் தூக்கிக்கொண்டு போவது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். தான் ஓய்ந்துபோன கடிகாரம் என்கிறாள். சுடுவதானால் சுடு, எனக்கு அது பெரிய உபகாரம் என்கிறாள். பயம் கொஞ்சமும் இல்லை. அழுகையும் இல்லை. குரலில் இருப்பது அசதி மட்டும். பல வருஷம் நின்றே வேலை பார்த்தவர்களிடம் பார்க்கிற அசதி. கேமரா நகர்ந்து இசைத்தட்டுக்குப் போகிறது. வெடிச் சத்தம் கேட்கிறது. பாட்டு முடிந்த தட்டில் ஊசி உரசிக்கொண்டிருக்கிறது. பிறகு, அனாதைப் பிணங்களை ஏற்றிப் போகும் படகிலிருந்து அவள் பெட்டியை ஸ்கிப் வாங்கிக்கொண்டு போய் முறையாக அடக்கம் செய்கிறான். ஃபுல்லர் முரட்டு இயக்குநர் என்பார்கள். இந்தக் காட்சியை எடுத்தவரை அப்படி மட்டும் சொல்லிவிட முடியாது.

நம் வாசகர்களுக்கு உடனே ஒட்டிக்கொள்ளக்கூடிய படம் 'த மேட்டிங் சீசன்' (1951). ஹாம்பர்கர் கடை நடத்திய அம்மா, கடன் முற்றிக் கடையை இழந்துவிட்டு, பெரிய இடத்தில் பெண் எடுத்த மகனைப் பார்க்க வருகிறாள். மருமகளோ விருந்துக்குச் சமையல்காரி வருவாள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவளைத்தான் அந்தச் சமையல்காரி என்று நினைத்துவிடுகிறாள். அம்மா மறுத்துப் பேசாமல் ஏப்ரனைக் கட்டிக்கொள்கிறாள். மகன் வீட்டிலேயே வேலைக்காரி. சம்பந்தியம்மா வந்து இறங்கிய பிறகு கூத்துக்குக் கேட்கவே வேண்டாம். கண்ணீரைப் பிழிந்தெடுக்கத் தோதான இந்தக் கதையை ரிட்டர் தியாகக் கதையாக ஆக்கவே இல்லை. சமையலறை தன் ராஜ்யம் என்ற மிடுக்கோடு இருக்கிறாள் அந்த அம்மா. மருமகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பிடித்துப்போகிறது. அதுதான் அங்கே நிஜமான காதல் கதை.

மனதில் ஆறாத ஒரு விஷயமும் இருக்கிறது. 1955-இல் பேடி சயெஃப்ஸ்கி எழுதிய 'த கேட்டர்ட் அஃபேர்' தொலைக்காட்சி நாடகத்தில் பிராங்ஸ் பகுதியில் வாழும் ஒரு தாயாக நடித்தார் ரிட்டர். மகள் எளிமையாகக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்க, ஊர் பார்க்கும்படி விருந்து வைத்தே தீர வேண்டும் என்று, கையில் காசில்லாமல் பிடிவாதம் பிடிக்கும் தாய். எம்மி என்ற தொலைக்காட்சி விருதுக்கான பரிந்துரையும் கிடைத்தது. மறு ஆண்டு அதைச் சினிமாவாக எடுத்தபோது அந்த வேடம் பெட்டி டேவிஸுக்குப் போனது. 'ஆல் அபவுட் ஈவ்' படத்தில் டேவிஸுக்குத் தட்டு ஏந்தி வந்தவர் ரிட்டர். ரிட்டர் முதலில் நடித்த ஏழைத் தாய் டேவிஸுக்குப் போனாள். டேவிஸ் நன்றாகவே நடித்திருக்கிறார், ஆனால் வேஷம் போட்டிருப்பது தெரிகிறது. போஸ்டரில் போட ஒரு பெரிய பெயர் தேவைப்பட்டது. அவ்வளவுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மேடை அவருக்கு அந்த வஞ்சனையைச் செய்யவில்லை. யூஜீன் ஓ'நீலின் நாடகத்தை வைத்து 1957-இல் பிராட்வேயில் வந்த 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்தில் துறைமுகத்துக் கிழவி மார்தியாகப் பாடி ஆடினார். அடுத்த ஆண்டு சிறந்த இசை நாடக நடிகைக்கான டோனி விருதை க்வென் வெர்டனும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள். துணை நடிகைக்கான விருது இல்லை அது, முதன்மை நடிகைக்கானது.

'பில்லோ டாக்' படத்தின் குடிகார வேலைக்காரி அல்மாவைப் பலருக்கும் நினைவிருக்கும். ராக் ஹட்சன் அவளுக்கு ஊற்றிக் கொடுத்து விஷயத்தைக் கறக்கப் பார்த்து, தானே கவிழ்ந்துபோகும் காட்சி போதும். அதைவிட நான் பேச விரும்புவது 'பேர்ட்மேன் ஆஃப் அல்காட்ராஸ்' படத்தின் அம்மாவைப் பற்றி. மகன் பர்ட் லங்காஸ்டர் சிறையில், மரண தண்டனை. அதிபரின் மனைவிவரை போய் மன்றாடி மகன் உயிரைக் காப்பாற்றுகிறாள். பல வருஷம் கழித்து மகன் வாழ்க்கையில் இன்னொரு பெண் வந்ததும், அதே தாய் அவன் விடுதலைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறாள். ரிட்டரின் வழக்கமான கேலி இல்லை, சிரிப்பு இல்லை. முகத்தில் அதே அன்பு. குரலில் அதே கனிவு. அந்தக் கனிவுதான் நடுங்க வைக்கிறது. இவ்வளவு நாள் நாம் நம்பிய முகம் இது என்பதால் அடி இன்னும் பலமாக விழுகிறது.

'த மிஸ்ஃபிட்ஸ்' (1961) படத்தில் மர்லின் மன்றோ, கிளார்க் கேபிள், மான்ட்கோமரி கிளிஃப்ட் நடுவே, துணிக்கட்டில் தொங்கும் கையோடு, விவாகரத்துக்குப் பேர் போன ரீனோ நகரத்து வீட்டுக்காரியாக வருவார். விவாகரத்துக்குச் சாட்சி சொல்லிச் சொல்லிப் பழகியவள். தன்னை விட்டுவிட்டுத் தன் தோழியையே கட்டிக்கொண்ட முன்னாள் கணவனைப் பார்த்ததும் பழைய பிரியத்தோடு ஓடுகிறாள். பிறகு பேர்டி மாதிரியே பாதிப் படத்தில் கிளம்பிப் போய்விடுகிறாள். அவள் போன பிறகு அந்தப் படத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

இவ்வளவு படங்களில் நடித்தும் ரிட்டர் குடும்பத்தோடு நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலேயே இருந்துகொண்டார். படம் இருந்தால் போவார், முடிந்தால் வீட்டுக்கு வருவார். 1967-இல் 'தி இன்சிடென்ட்' படத்தில், இரவு நேரச் சுரங்க ரயிலில் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்ளும் பயணிகளில் ஒருவராக வந்தார். கடைசிப் படம் 1968-இல். 1969 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்தார். 67 வயது நிறைய ஒன்பது நாள் இருந்தது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ரியர் விண்டோ'வில் தொடங்கலாம், எளிதாகக் கிடைக்கும். அடுத்து 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. அதன் பிறகு கொஞ்சம் சிரமப்பட்டாவது ஜார்ஜ் குக்கர் இயக்கிய 'த மாடல் அண்ட் த மேரேஜ் புரோக்கர்' (1951) படத்தைத் தேடிப் பிடியுங்கள். நியூயார்க்கில் கல்யாணத் தரகு செய்யும் மே ஸ்வேஸி. சொந்தக் கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டான், ஆனால் ஊரிலுள்ள தனிக்கட்டைகளுக்கெல்லாம் ஜோடி சேர்த்து வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. டைட்டிலில் ஜீன் கிரெய்ன், ஸ்காட் பிரேடி பெயர்களுக்குப் பிறகு மூன்றாவதாகத்தான் ரிட்டரின் பெயர் வருகிறது. படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள், யாருடைய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.